நெல்லுக்கு வேண்டிய இரவு

2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி இந்திய அரசு பாஸ்மதி தவிர்ந்த வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆகஸ்ட் 25ஆம் திகதி புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவிலிருந்து வருவது. ஆகவே ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி என்று நம்மவர் கடைகள் உள்ள இடமெல்லாம் அந்த வாரங்களில் ஒரே பேச்சு: பொன்னி மூட்டை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? 2024 செப்டெம்பர் 28இல் வெள்ளை அரிசித் தடை நீங்கியது. அடுத்த மாதம் புழுங்கலரிசி வரியும் போயிற்று. அத்தோடு பேச்சும் நின்றுவிட்டது.

அந்தத் தடைக்கு வெப்பம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எல் நினோ பற்றிய அச்சம், உள்நாட்டு விலையேற்றம், நெருங்கி வந்துகொண்டிருந்த தேர்தல் எல்லாம் அதிலே கலந்திருந்தன. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் கோதுமைக்கு நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். 2022 மார்ச் மாதம், இந்தியாவில் 122 ஆண்டுப் பதிவுகளிலேயே மிகச் சூடான மார்ச். மணி முற்றும் வேளையில் அந்தச் சூடு வந்ததால் வட இந்தியக் கோதுமை சுருங்கியது. மே 13ஆம் திகதி கோதுமை ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. ஒரு மாதத்து வெயில் இரண்டே மாதத்தில் உலகச் சந்தையின் செய்தியாகிவிட்டது.

நெல் கோதுமையைப்போலக் குளிர்நாட்டுப் பயிர் அல்ல. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தது. அதற்கும் வெப்பம் ஒரு பொருட்டா என்று பலர் கேட்கிறார்கள். பொருட்டுதான் என்பதற்குக் கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி சாட்சி. வெப்பம் நெல்லைத் தாக்கும் நேரங்கள் குறிப்பாக இரண்டு. ஒன்று, பூக்கும் நாளின் ஒரு மணி நேரம். மற்றது, மணி பால் கட்டும் நாட்களின் இரவுகள். இந்த இரண்டும் வானிலைச் செய்தியில் வருவதில்லை, வயலைப் பார்த்தாலும் தெரிவதில்லை. இதனால் விவசாயிக்கு ஏற்படும் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகிறது. இதைப்பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஒரு மணி நேரப் பூ

நெற்பூவை நாம் பூவென்று பார்த்ததில்லை. இதழில்லை, மணமில்லை. கதிர் வெளிவந்த பிறகு நுனியிலிருந்து கீழ்நோக்கி ஐந்தாறு நாட்களில் எல்லாப் பூக்களும் பூத்து முடிகின்றன. ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு தடவைதான் திறக்கும். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் உமியின் இரு பாதிகளும் விலகி, ஆறு மகரந்தப் பைகளும் வெளியே நீண்டு, வெடித்து, தூளைச் சொந்தச் சூல்முடியின் மேலேயே கொட்டிவிடும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். பிறகு அது திறப்பதேயில்லை. அந்த மணியின் தலைவிதி அந்த ஒரு மணி நேரத்தில் எழுதப்படுகிறது.

அந்த நேரத்தில் சூடு 35 பாகை செல்சியசைத் தாண்டினால் பல இரகங்களில் சிக்கல் தொடங்குகிறது. மகரந்தப் பை சரியாக வெடிப்பதில்லை. வெடித்தாலும் சூல்முடியில் போதிய தூள் விழுவதில்லை. விழுந்ததும் முளைத்துக் கீழிறங்கிச் சூலை எட்டுவதில்லை. உமி வழக்கம்போல மூடிக்கொள்ளும். உள்ளே ஒன்றுமிருக்காது. அதைத்தான் நாம் பதர் என்கிறோம்.

இதைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சதாகே, யோஷிடா என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978இலேயே விளக்கி எழுதினார்கள். பிறகு வந்த முக்கியமான ஆய்வொன்று இலண்டனுக்குப் பக்கத்திலேயே நடந்தது. இங்கிருந்து மேற்கே அரைமணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் ரெடிங் பல்கலைக்கழகத்தின் கண்ணாடி அறைகளில், ஐ.ஆர். 64, அசுசேனா என்ற இரு நெல் இரகங்களை வளர்த்துப் பார்த்தார்கள். ஜகதீஷ், கிராபர்ட், வீலர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட முடிவு இது: பூவின் சூடு 33.7 பாகையைத் தொட்டு ஒரு மணி நேரத்திற்கும் குறைவாக நின்றாலே போதும், மலடு ஏற்படும். நாள் முழுக்க வெயில் காயவேண்டியதில்லை. தவறான ஒரு மணி நேரம் போதும்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் செய்யும் என் தாய்மாமன் ஒருவரிடம் தொலைபேசியில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பயிரப் பார்த்தா ஒரு குறையும் சொல்லேலாது மருமகன். தூத்தக்குள்ளதான் தெரியும், எவ்வளவு பதர் எண்டு" என்றார். ஆராய்ச்சிக் கட்டுரை பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். வெள்ளம் வந்தால் வயல் மூழ்கியது தெரியும். வறட்சி வந்தால் நிலம் வெடித்தது தெரியும். வெப்பம் வந்துபோன வயல் பச்சையாகவே நிற்கும். கதிர் மட்டும் தலை சாயாமல் நிமிர்ந்து நிற்கும்.

காற்றின் சூடும் பூவின் சூடும்

இங்கே ஒரு நுட்பமுண்டு. வானிலை நிலையம் அளப்பது காற்றின் சூட்டை. நெல்லுக்கு முக்கியம் பூவின் சூடு. இரண்டும் ஒன்றல்ல. நமக்கு வியர்ப்பதுபோல நெற்கதிரும் நீராவியை வெளியேற்றித் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. காற்று உலர்ந்திருந்தால் அது நன்றாக நடக்கும். காற்றில் ஈரம் கூடினால் நடக்காது.

அவுஸ்திரேலியாவின் ரிவெரினாப் பகுதியில் கோடையில் 40 பாகையைத் தாண்டும் நாட்களுண்டு. அங்கும் நெல் விளைகிறது. மட்சுயி என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழுவினர் அங்கே கதிரின் சூட்டை அளந்தபோது, உலர்ந்த காற்றில் அது சுற்றுக்காற்றைவிட ஆறேழு பாகை குறைவாக இருந்தது. வயலில் தண்ணீர் நின்றது, வேர் உறிஞ்சிக் கொடுத்துக்கொண்டிருந்தது, கதிர் பிழைத்தது. மறுபக்கம், இலங்கை விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த வீரக்கோன் ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, அதே சூட்டில் ஈரப்பதன் கூடும்போது மலட்டு மணிகள் அதிகமாவதைக் காட்டியது. 35 பாகை என்பது ரிவெரினாவில் ஒன்று, நாகப்பட்டினத்தில் வேறொன்று.

இதைக் கேட்டவுடன் ஈழத்து வாசகர்களுக்குக் கச்சான் காற்று நினைவுக்கு வரலாம். சிறுபோக காலத்தில், அதாவது சித்திரை வைகாசியில் விதைத்து ஆவணியை ஒட்டி அறுக்கும் போகத்தில், மலைநாட்டைக் கடந்து கிழக்குக்கு இறங்கும் அந்த மேல்காற்று வறண்டது, சுடுவது. உலர்ந்த காற்று நல்லதென்றால் கச்சானும் நல்லதுதானே என்று கேட்கக்கூடாது. வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை பயிர் தாக்குப்பிடிக்கும். வேர் கொடுப்பதைவிடக் காற்று எடுப்பது கூடிவிட்டால் கதிர் வெளுத்துக் காய்ந்துபோகும். ஆகவே கடலோரத்தில் ஈரமும், உள்நாட்டில் தண்ணீர்ப் பஞ்சமும் வெப்பத்துக்குக் கூட்டாளிகள். எந்த ஊரில் எந்தக் கூட்டாளி என்பதை அந்த ஊரில் அளந்தால்தான் அறியலாம்.

இரவுக் கணக்கு

பகல் வெப்பத்தைப் பற்றியாவது நாம் பேசுகிறோம். இரவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2004இல் பெங் என்பவரும் அவருடைய குழுவினரும், பிலிப்பைன்ஸ் லாஸ் பானோஸில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சொந்த வயல் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 1979க்கும் 2003க்கும் இடையில் அங்கே பகல் உச்ச வெப்பநிலையின் சராசரி 0.35 பாகை உயர்ந்திருந்தது. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையோ 1.13 பாகை, அதாவது மூன்று மடங்குக்கு மேல், உயர்ந்திருந்தது. உலர்பருவப் பயிரில் இரவு வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தபோது விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது. பகல் உச்சத்தோடு விளைச்சலுக்குச் சொல்லத்தக்க தொடர்பு தெரியவில்லை.

காரணத்தை நம் வீட்டு வரவு செலவாக நினைத்துக்கொள்ளலாம். பகலில் இலை சூரிய ஒளியில் சர்க்கரை செய்கிறது. அது வரவு. இரவிலும் செடி மூச்சுவிடுகிறது, அதற்குச் சர்க்கரை செலவாகிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறைவு, மிச்சம் மணிக்குப் போகும். இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். அதோடு, சூடான இரவுகளில் மணி அவசரப்பட்டு முற்றிவிடுகிறது. மாவுப்பொருள் நிறைவதற்குள் கதவு மூடிக்கொள்கிறது.

இந்த ஆய்வு எதிர்ப்பில்லாமல் ஏற்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேகமூட்டமான காலத்தில் இரவு சூடாக இருக்கும், பகலில் ஒளியும் குறையும். அப்படியானால் விளைச்சலைக் குறைத்தது இரவின் சூடா, பகலின் ஒளிக்குறைவா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2010இல் வெல்ச் குழுவினரின் ஆய்வு இதற்கு ஓரளவு விடை தந்தது. ஆராய்ச்சிப் பண்ணையை விட்டு விவசாயிகளின் சொந்த வயல்களுக்குப் போனார்கள். ஆறு ஆசிய நாடுகளில் 227 பண்ணைகள். இந்தியாவின் சார்பில் அதில் இடம்பெற்றது தஞ்சாவூர்ப் பகுதி. ஒளியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும், இரவு வெப்பம் விளைச்சலைக் குறைத்தது. பகல் வெப்பம் ஓரளவுவரை நன்மையாகவே இருந்தது, அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் கெடுதல். ஆக, காவிரிப் படுகையின் வயல்களும் இந்தச் சாட்சியத்தில் இருக்கின்றன.

இரவு சூடாவதன் பொருளை இலண்டன்வாசிகளுக்கு விளக்கவேண்டியதில்லை. 2022 ஜூலை 19ஆம் திகதி இந்நாட்டில் முதன்முறையாக 40 பாகை தாண்டியது, ஹீத்ரோவில் 40.2. எல்லோரும் அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம்மை வாட்டியது அதற்கு முந்தைய இரவு. தென் இலண்டனின் கென்லியில் அன்றிரவு வெப்பமானி 25 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. யன்னலைத் திறந்துவைத்துப் படுத்தும் உறக்கம் வராமல் புரண்ட அந்த இரவைப்போலத்தான், பால் கட்டும் நாட்களில் நெல்லுக்கும் ஆறமுடியாத இரவுகள் வருகின்றன. ஒன்றல்ல, தொடர்ந்து இருபது, இருபத்தைந்து.

ஜப்பான் தரும் பாடம்

பதராகாமல் தப்பிய மணிக்கும் ஆபத்துண்டு. பால் கட்டும் காலத்தில் சூடு கூடினால் மாவு மணிகள் நெருங்கி அடையாமல் இடையில் காற்று வெளிகள் விட்டு நிற்கும். அரிசியின் நடுவிலோ வயிற்றிலோ சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை தெரியும். அப்படிப்பட்ட அரிசி ஆலையில் தீட்டும்போது உடையும். நெல் எடையில் குறையாது, அரிசியில் குறையும்.

இதன் விளைவை ஜப்பான் அனுபவித்தது. 2023 கோடை அங்கே 1898இல் பதிவுகள் தொடங்கிய பிறகு அதுவரை காணாத வெப்பமான கோடை. அரிசிக்குப் பேர்போன நீகாட்டா மாநிலத்தில், கோஷிஹிகாரி இரகத்தில் முதல் தரம் பெற்றது 5 சதவீதத்தை ஒட்டித்தான். விளைச்சல் கணக்கில் பெரிய குறைவு தெரியவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோ கடைகளில் அரிசித் தட்டுகள் காலியாகின. 2025 வசந்தத்தில் ஐந்து கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டி, முந்தைய ஆண்டின் இரு மடங்கானது. அரசு அவசரகாலச் சேமிப்பைத் திறந்துவிட்டது. ஆதரவாளர்கள் கொடுப்பதால் தான் அரிசி வாங்கியதே இல்லை என்று பேசிய விவசாய அமைச்சர் டாகு எத்தோ அந்த மே மாதத்திலேயே பதவி விலகினார்.

பல ஆண்டுகளாகப் பயிரிடும் பரப்பைக் குறைத்துவந்த கொள்கை, சுற்றுலாப் பயணிகளால் கூடிய தேவை, பீதியில் வாங்கிக் குவித்தது எல்லாம் அதற்குக் காரணங்களே. ஆனால் 2025 ஆகஸ்டில் ஜப்பானிய அரசு தன் கணிப்பு பிழைத்த விதத்தை ஆராய்ந்து சொன்னபோது, வெப்பத்தால் நெல்லிலிருந்து கிடைக்கும் அரிசியின் அளவு குறைந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் அதிலே ஒன்றாக இருந்தது. ஆசியாவிலேயே நுணுக்கமாகக் கணக்கு வைக்கும் நாடுகளில் ஒன்றுக்கே நெல் தெரிந்தது, அரிசி தெரியவில்லை.

நமக்கு இதிலே ஒரு சிறு ஆறுதல் உண்டு. அது நமது அடுப்படியிலிருந்து வந்தது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது உள்ளே மாவு இளகி, வெடிப்பும் இடைவெளியும் ஒட்டிக்கொள்கின்றன. வெள்ளைப் புள்ளி மறையும், ஆலையில் உடைவதும் குறையும். புழுங்கலரிசி உண்ணும் தமிழரும் மலையாளிகளும் வங்காளிகளும் ஜப்பானியரைப்போலத் தரவீழ்ச்சியை உடனே உணராததற்கு இது ஒரு காரணம். ஆனால் அவித்துப் பதரை நிரப்ப முடியாது. பச்சையரிசிக்கும் இந்த மருத்துவம் கிடையாது.

விளைச்சல் கூடிக்கொண்டுதானே போகிறது?

இப்படிச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் ஒரு கேள்வியைப் போடுகிறார்கள். 2024-25இல் இந்தியாவின் அரிசி உற்பத்தி சுமார் 15 கோடி தொன், அது ஒரு சாதனை. உலகின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் உயர்ந்த முதல் முழு ஆண்டும் 2024தான். வெப்பம் கூடியும் விளைச்சல் கூடுகிறதே, பிறகென்ன கவலை?

விளைச்சல் கூடுவது உண்மை. நீர்ப்பாசனம், புதிய இரகம், உரம், கொள்முதல் விலை இவையெல்லாம் மேலே தூக்குகின்றன, வெப்பம் கீழே இழுக்கிறது. தூக்கும் கை வலுவாக இருப்பதால் இழுக்கும் கை தெரியவில்லை. தூக்கும் கை தளர்ந்தால் நிலைமை உடனே மாறும் என்பதை 2021இல் இலங்கை ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது பார்த்தோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு, உலகின் சராசரி வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் நெல் விளைச்சல் உலக அளவில் சராசரி 3.2 சதவீதம் குறையும் என்கிறது. லாஸ் பானோஸின் 10 சதவீதத்தைவிட இது சிறிது. அது ஓரிடத்து இரவைப் பற்றியது, இது குளிர்நாடுகளையும் சேர்த்த உலகச் சராசரி. முரண்பாடில்லை. ஏற்கனவே சூடான நாட்டில் அடி பலமாக விழும்.

அதனால் பஞ்சம் வந்துவிட்டது என்று நான் பயமுறுத்தவில்லை. என் கவலை வேறு. ஒரு விவசாயிக்கு ஏக்கருக்கு 25 மூட்டை விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். உழவு, விதை, உரம், மருந்து, அறுவடை இயந்திரம், குத்தகை எல்லாவற்றுக்கும் 20 மூட்டை போகிறது. மிச்சம் ஐந்து. விளைச்சலில் பத்திலொன்று, அதாவது இரண்டரை மூட்டை, பதராகப் போனால் நாட்டின் புள்ளிவிபரத்தில் அது கீறல்கூட இல்லை. அவருடைய வருமானத்திலோ சரிபாதி போய்விட்டது. செலவு ஒரு சதமும் குறையவில்லை.

காப்பீடு இல்லையா என்றால், இருக்கிறது. இந்தியாவில் 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம், ஒரு பகுதியின் விளைச்சல் வரம்புக்குக் கீழே போனால் இழப்பீடு தருகிறது. அந்த வரம்பு, கடந்த ஏழு ஆண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியிலிருந்து கணக்கிடப்படுவது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் இது பொருந்தும். ஆண்டுக்காண்டு சிறிதுசிறிதாக அரிக்கும் இழப்புக்கு? விளைச்சலோடு சேர்ந்து வரம்பும் இறங்கிவிடும். அளவுகோலே சுருங்கினால் குறைவு எப்படித் தெரியும்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கை வயல்களை மூழ்கடித்தபோது படங்கள் உலகெங்கும் போயின, இலண்டனிலும் நம்மவர்கள் நிதி சேர்த்தார்கள். செய்யவேண்டியதுதான். ஆனால் சூடான ஓர் இரவை யாரும் படமெடுப்பதில்லை.

விதையும் நாளும்

தீர்வுகள் இல்லாமலில்லை. உத்தரப் பிரதேசத்து நாகினாவிலிருந்து வந்த என். 22 என்ற பழைய இரகம் பூக்கும் காலத்துச் சூட்டை மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குவது பல சோதனைகளில் தெரிந்தது. அதன் குணத்தைப் புதிய இரகங்களுக்குள் கொண்டுவர முயல்கிறார்கள். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. காட்டு நெல் இனமொன்றிலிருந்து, அதிகாலையில் பூக்கும் இயல்பை ஐ.ஆர். 64க்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பூ ஒன்றரை, இரண்டு மணி நேரம் முந்தித் திறக்கிறது. வெயிலோடு போராடாமல், வெயில் ஏறுமுன் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் நம்மூர் வயல்காரரின் புத்தி அது. ஆனால் இவை பெரும்பாலும் காலை வெப்பத்துக்கான விடைகள். இரவு வெப்பத்துக்கு இவ்வளவு தெளிவான விடை இன்னும் வாய்க்கவில்லை.

பாரம்பரிய இரகங்களைப் பற்றி நம்மிடையே ஆர்வம் பெருகியிருக்கிறது. 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டியில் மரபு நெல்களைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய பணி பெரியது. பழையதென்பதாலேயே ஓர் இரகம் வெப்பம் தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. உப்பைத் தாங்கும் நெல் வேறு, வெள்ளத்தைத் தாங்கும் நெல் வேறு. ஆனால் சோதித்துப் பார்க்க விதை கையில் இருக்கவேண்டும். காப்பாற்றி வைத்தவர்களின் அருமை அங்கேதான்.

மூன்றாவது வழி நாள் பார்த்து விதைப்பது. பூக்கும் வாரம் கடும் வெயிலில் விழாமல் பத்துநாள் முன்னோ பின்னோ தள்ளுவது. ஆடிப்பட்டம் தேடி விதைத்த மக்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நாளைத் தீர்மானிப்பது இப்போது விவசாயி அல்ல, மதகு. மேட்டூர் அணை திறப்பு வழக்கமாக ஜூன் 12. 2022இல் மே 24ஆம் திகதியே திறந்தது. 2024இல் ஜூலை கடைசிவரை திறக்க முடியவில்லை. இரண்டு மாத இடைவெளியில் குறுவையின் பூ எந்த வாரத்தில் விழும் என்பதை யார் சொல்வது? இரணைமடுவை நம்பிச் சிறுபோகம் செய்யும் கிளிநொச்சிக்காரருக்கும் இதே நிலைதான்.

இதற்கிடையே ஒரு செய்தி. கேம்பிரிட்ஜ்ஷயரில் ஈலி என்ற ஊரின் அருகே, பிரித்தானிய சூழலியல் மற்றும் நீரியல் மையத்தின் ஆய்வாளர்கள் ஒரு விவசாயியோடு சேர்ந்து சிறு பாத்திகளில் ஒன்பது இரகங்களை நட்டு, 2025 இலையுதிர்காலத்தில் நெல் அறுத்தார்கள். பிரித்தானியாவில் பதிவான மிக வெப்பமான கோடை அது. இங்கே பலர் அதை வேடிக்கைச் செய்தியாகப் படித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெல் வடக்கே நகரலாம். நெல்லோடு வாழும் மக்கள் நகர முடியாது.

என்ன கேட்கலாம்

1991இலேயே எஸ். கே. சின்ஹாவும் எம். எஸ். சுவாமிநாதனும் எழுதிய கட்டுரையொன்று, வெப்பநிலை இரண்டு பாகை உயர்ந்தால் இந்தியாவின் உயர்விளைச்சல் பகுதிகளில் ஹெக்டேருக்குச் சுமார் முக்கால் தொன் நெல் குறையக்கூடும் என்று கணித்தது. கும்பகோணத்தில் பிறந்து 2023இல் மறைந்த சுவாமிநாதனைப் பசுமைப் புரட்சிக்காகப் புகழ்பவர்களும் இகழ்பவர்களும் இந்த எச்சரிக்கையைப் பொதுவாகச் சொல்வதில்லை. ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

பெரிய கோரிக்கைகள் ஏற்கனவே நிறைய உண்டு. நான் கேட்பது மிகச் சிறியது. இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை வானிலை நிலையங்களில் தினமும் பதிவாகத்தான் செய்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் பால் கட்டும் மாதத்தின் இரவு வெப்பத்தை, அந்தப் போகத்தின் விளைச்சலோடு பக்கத்தில் பக்கமாக அச்சிட்டு விவசாயிக்குக் கொடுக்கலாம். 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும், இலங்கையில் பத்தலகொடையும் பரந்தனும் வழிகாட்டக்கூடியவை. விளைச்சலை மதிப்பிட வயலின் ஒரு துண்டை அறுத்து, தூற்றி, நெல்லை நிறுக்கிறார்கள். காற்றோடு போவதை யாரும் நிறுப்பதில்லை. இதைச் செய்ய ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் போதும்.

புலம்பெயர்ந்த நாம் ஊர்ச் சங்கங்கள் வைத்திருக்கிறோம். கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுக்கிறோம், வெள்ளம் வந்தால் ஓடிப்போய் உதவுகிறோம். ஓர் ஊரின் நான்கைந்து வயல்களில் வெப்பமானி கட்டி, மூன்று போகங்களுக்குப் பதரை நிறுத்து எழுதிவைக்க ஒரு பட்டதாரி இளைஞருக்குச் சம்பளம் கொடுப்பது அதைவிடப் பெரிய செலவல்ல. கணக்கில்லாத இழப்புக்கு இழப்பீடு கேட்க முடியாது. எந்த விதை வேண்டும், எந்த நாளில் மதகு திறக்கவேண்டும் என்று கேட்கவும் முடியாது. ஆகவே முதலில் பதரையும் நிறுத்து எழுதுவோம்.